ஏனுங்க

திருச்செங்கோடு
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மைதிலிக்கு,

சௌக்கியமா? அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? இதை நானே தட்டறேன். கண்ணு போனவன் எப்படின்னு கேப்பே. எழுத்தைப் படிச்சுச் சொல்ற வசதி கம்ப்யூட்டருக்குள்ளயே இருந்திருக்குது, நமக்குத்தான் தெரியலை. அக்கா மக தேவிப்ரியா வந்து மூணு பட்டனைச் சேர்த்து அழுத்தினா, ஒரு பொம்பளை பேச ஆரம்பிச்சுட்டா. போதும்னா கன்ட்ரோல் பட்டன், டக்குனு அடங்கிருவா. நீ போனப்புறம் அனுப்பின மெயிலையெல்லாம் இப்பத்தான் கேக்கறேன். குரலை ஏத்தி இறக்கி உன்னுது மாதிரியே வெச்சிருக்கேன். அவ "ஏனுங்க"ன்னு ஆரம்பிக்கறதையே திருப்பித் திருப்பிக் கேக்கறேன். ஊடு வெறிச்சுனு கிடக்குது. வந்துரு புள்ள.

ஜெகதீஸ்வரன்

பள்ளிபாளையம்
8 ஆகஸ்ட்

ஏனுங்க,

உங்க மெயிலை அம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன். அந்த மிஷின்காரி மேல எனக்குப் பொறாமைதானுங்க. நான் வாயைத் தொறந்தா எரிஞ்சு விழுவீங்க, அவ பேசினா இனிக்குதாக்கும்! தட்டுல சோறு எந்தப் பக்கம், ரசம் எந்தப் பக்கம்னுதானே சொன்னேன்? அதுக்கு விருந்துக்கு வந்த ஒறம்பரை சனத்துக்கு முன்னால "வாயை மூடு"ன்னு கத்துனீங்க. அந்த ஒரு சொல்லுக்குத்தான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.

சரி, ஞாயித்துக்கிழமை வாரேன். பையோடயே வாரேன். என் பேச்சை மட்டும் இன்னொரு தடவை அடக்காதீங்க, தாங்க மாட்டேன்.

உங்கள் மைதிலி

திருச்செங்கோடு
12 ஆகஸ்ட்

மைதிலி,

வாரேன்னுட்டு ஏமாத்திட்டியே! நேத்துக் காலையிலிருந்து முன்னறையிலயே உக்காந்திருந்தேன். பொழுது போகோணுமேன்னு உன் மெயிலைப் படிக்கவிட்டுக் கேட்டேன். மிஷினுக்கும் என்னமோ ஆயிருச்சு. படிச்சு முடிச்ச பின்னாலயும் "ஏனுங்க"ன்னுச்சு. பட்டனை அழுத்தினேன். மறுக்காவும் "ஏனுங்க". "செத்த நேரம் சும்மா இரு"ன்னு திருப்பி அழுத்தினேன், அப்புறந்தான் அடங்குச்சு. ஆடிக் காத்துல வாசல் கேட்டு வேற டமார்னு அடிச்சுது. அடுத்த ஞாயிறாவது வருவியா?

ஜெகதீஸ்வரன்

பள்ளிபாளையம்
13 ஆகஸ்ட்

திரு. ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு,

மிஷின் கெடலை. வாசப்படியில பையோட நின்னு கூப்பிட்டது நான். கேட்டை அடிச்சது காத்து இல்லை, திரும்பிப் போறப்ப நான்தான் அடிச்சேன்.

நீங்க பட்டனை அழுத்தறதைப் பாத்துக்கிட்டேதான் ரெண்டாவது தடவை கூப்பிட்டேன். தெரியாம செஞ்சீங்கன்னு இப்பப் புரியுது. ஆனா மனசு ஆற மாட்டேங்குது. என் குரலுக்கும் மிஷினுக்கும் வித்தியாசம் தெரியாத ஊட்டுல எனக்கென்ன வேலை? பழைய மெயிலெல்லாம் அங்கயே இருக்கட்டும். அவளே படிச்சுக் காட்டட்டும்.

மைதிலி

திருச்செங்கோடு
14 ஆகஸ்ட்

மைதிலி,

கேட்டேன். அழுதுட்டேன். உன் கோவத்தைக்கூட அவ நியூஸ் படிக்கற மாதிரிதான் படிக்கறா. நீயா இருந்தா பாதியில நிறுத்தி மூக்கைச் சிந்தியிருப்பே.

இதை அனுப்பினதும் அவளை ஒரேயடியா நிறுத்திருவேன். அப்புறம் நீ பதில் போட்டாலும் எனக்குத் தெரியாது, அதனால எழுதாதே. கேட்டைத் தொறந்தே வெச்சிருக்கேன். ஊட்டுல பேச இனி யாருமில்லை. "ஏனுங்க"ன்னு கேட்டா அது நீதான்.

ஜெகதீஸ்வரன்