மச்சானுக்குக் கீறிக்கொடுத்த பலெர்மோ

1996 யூன் 9, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பூசைக்குப் போகவில்லை. முழங்கால் மடங்க மறுக்கிறது. றெஜினா மட்டும் பஸ் பிடித்துப் போய் நனைந்து வந்தாள்.

பின்னேரம் அன்ரன் மச்சான் வந்தார். றெஜினாவின் தமையன். எங்களைக் கனடாவுக்கு எடுப்பித்தவர். அதை மறக்க விடாதவர். நகரத்துக்கு வெளியே மில்லிக்கனில் புது வீடு, வாசலில் புது வான். யூலையில் குடும்பமாக இத்தாலி போகிறார்களாம். முதலில் றோம், பிறகு பலெர்மோ.

“நீர் அஞ்சு வருசம் இருந்த இடம்தானே. நாங்களே நடந்து பாக்கிறமாதிரிப் பாதை கீறித் தாரும். கைட்டுக்குப் பின்னால ஆடுமாதிரி இழுபட எனக்கு விருப்பமில்லை.”

போன கிறிஸ்மசுக்கு இதே கதிரையில் இருந்து அவர் சொன்னது: “இத்தாலிக்கெண்டா நீரும் றெஜியும் இல்லாமல் போவமே?” இன்று அந்தப் பேச்சே இல்லை. மிசிசாகாத் தொழிற்சாலையின் ஈரத்தரையில் விழுந்து உடைத்த காலோடு நான் எங்கே போக? ஆனாலும் ஒரு வாய்ச்சொல் கேட்டிருக்கலாம்.

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

வாங்க வேண்டியது: பால், நோவுக்குக் குளிசை, பெரிய தாள்.

யூன் 12, புதன்

வெயில். காலுக்குப் பயிற்சி, பிறகு ஐஸ். மேசையில் தாளை விரித்தேன்.

நடை 1. ரயில் நிலையத்தில் தொடக்கம். மக்குவேதா வீதியால் நேரே. இடப்பக்கம் பல்லரோ சந்தை. சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். கடலைமாவில் பொரித்ததைப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள், சாப்பிடவும். அடுத்தது நாற்சந்தி. வளைந்த நான்கு கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் கீழே நீரூற்று, உச்சியில் ஒரு புனிதை. நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்க்கவும். வாகனம் கவனம்.

கை தானாக ஓடியது. எங்களைப்போல வீட்டு வேலைக்காரருக்கு அங்கே வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. அறையில் இருந்தால் வெக்கை. கடையில் இருந்தால் செலவு. நடக்க ஒன்றும் தேவையில்லை. நானும் என் சிநேகிதன் தாசனும் அப்படித்தான் அந்த நகரத்தைப் படித்தோம். சந்தைக்குப் பின்னால் ஒரே அறை, ஒரே கேத்தில், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நல்ல சப்பாத்து. யாருக்கு நேர்முகம் இருக்கிறதோ அவர் போட்டுக்கொண்டு போவார்.

றெஜினா எட்டிப் பார்த்தாள். “அண்ணைக்கு உவ்வளவும் தேவையோ?”

“நடக்கிறதெண்டா தேவை.”

யூன் 16, ஞாயிறு

நடை 2. நாற்சந்தியிலிருந்து மேற்கே பேராலயம். தரையில் பித்தளைக் கோடு, கூரை ஓட்டையால் வெயில் அதன்மேல் வந்து விழும், நடுப்பகலுக்குப் போகவும். நடை 3. மலை. புனித றோசாலியாவின் குகை. பஸ்ஸில் போகலாம், ஆனால் பழைய கல் பாதையால் ஏறுவதுதான் ஏறுவது. குகைக் கூரையில் இருந்து தண்ணீர் சொட்டும், தகர வாய்க்காலில் பிடிப்பார்கள். கொண்டுவர ஒரு போத்தில் கொண்டுபோகவும்.

தமிழர் எல்லோரும் ஏறுவோம், சைவம், கிறிஸ்தவ வேதம் என்று பாராமல். தாசன் செருப்பில்லாமல் ஏறுவான். நேர்த்திக்கடனா என்று கேட்டேன். “இல்லையடா, செருப்பு தேயுது.”

இதைத் தாளில் எழுதவில்லை.

தொழிற்சாலையிலிருந்து போன். எப்போது வருவாய் என்று கேட்கிறார்கள். எந்தக் காலோடு?

யூன் 19, புதன்

நடை 4. கடலோரம்.

இதை எழுத வேண்டுமா என்று காலை முழுவதும் யோசனை. பார்க்க ஒன்றும் இல்லாத பாதை. மலையடிவாரத்தில் மீன்பிடி வள்ளங்கள், பிறகு மதில், பிறகு சேமக்காலை, கல்லறைத் தோட்டம். வாசலில் பூக்காரிகள். உள்ளே போய் வலப்பக்கம், சைப்பிரஸ் மரங்கள் தாண்டிக் கீழ் வரிசை. சின்னக் கல். யேசுதாசன், 1985. கல்லை வைத்தது நாங்கள்தான், நானும் எங்களோடு அங்கிருந்த சூசை அண்ணையும் இன்னும் சிலரும்.

தாசன் வேலை செய்த வீட்டுச் சின்யோராவின் நாலாம் மாடி ஜன்னலை வெளிப்பக்கமாகத் துடைக்கச் சொன்னார்கள். விழுந்தான். அவனாகத்தான் குதித்தான், ஏற்கெனவே கவலையாய் இருந்தவன் என்று பொலிசுக்குச் சொன்னாள் அந்தச் சின்யோரா. கையில் துணி இருந்ததை நான் கண்டேன். ஈரத்துணி. அவன் விரலை விரித்துத்தான் எடுத்தார்கள். குதிக்கிறவன் துணியைப் பிழிந்துகொண்டா குதிப்பான்?

எழுதினேன். சேமக்காலைப் படமும் கீறினேன்.

யூன் 23, ஞாயிறு

மில்லிக்கன். தாள்களைக் கொடுத்தேன். மச்சான் புரட்டிப் பார்த்து, “உமக்கு வேற வேலை இல்லையோ” என்று சிரித்தார். பாராட்டாம்.

“நாலாவது மட்டும் ஒரு உதவி. ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டா காணும்.”

“உதுவும் ஒரு கேள்வியோ? கட்டாயம்.”

வனிதா, அவருடைய மனைவி, தேத்தண்ணி தந்தாள். சீனி இல்லை. கேட்கவில்லை.

யூலை 28, ஞாயிறு

வெக்கை. குளிரூட்டி வேலை செய்யவில்லை. கட்டடப் பொறுப்பாளர் வருகிறேன் என்கிறார், வருவதில்லை.

போனவர்கள் வந்துவிட்டார்கள். மாலை வீடியோ பார்க்கக் கூப்பிட்டார்கள். பெரிய ரிவி. றோம் முடிந்து பலெர்மோ. கண்ணாடி போட்ட குளிர் பஸ்ஸுக்குள்ளிருந்து எடுத்த படம். நாற்சந்தி ஒரு கண்வெட்டில் போய்விட்டது. பின்னால் வனிதாவின் குரல்: “இதென்ன அன்ரன், ஊத்தைக் கட்டடம்.” பிறகு கடற்கரை. குடை. ஐஸ்கிறீம். மறுபடியும் கடற்கரை.

“அந்த வெயிலுக்குள்ள நடக்க ஏலாது மச்சான். பஸ்ஸில ஏறினா எல்லாத்தையும் ஒரு சுத்தில காட்டுறான்.”

சரி. வெயில் எனக்கும் தெரியும். கேட்காமல் இருக்க நினைத்தேன், வாய் கேட்டுவிட்டது. “சேமக்காலைக்கு?”

“ஓம் ஓம், போனனாங்கள். பூவும் வச்சு மெழுகுதிரியும் கொளுத்தினனாங்கள். வடிவாத்தான் கிடக்குது கல்லறை.”

கையைப் பிடித்தேன். இரண்டு கையாலும். எழும்பிப் போய் பாத்றூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வந்து அவர்கள் காட்டிய எல்லாவற்றையும் நல்லது நல்லது என்று பார்த்தேன். கடற்கரையையும்.

யூலை 30, செவ்வாய்

போன் கார்ட் வாங்கிக் கொழும்புக்கு எடுத்தேன். தாசனின் தாய் கொட்டாஞ்சேனையில் மகளோடு இருக்கிறார். பக்கத்து வீட்டு போன். ஆளைக் கூப்பிட்டு வரும்வரை கார்ட் தேய்கிறது.

சொன்னேன். என் மச்சான் போய் மெழுகுதிரி கொளுத்தினவர், பூ வைத்தவர், கல்லறை நல்லாய் இருக்கிறது.

“ஆண்டவரே” என்றார். பிறகு: “பதினொரு வருசத்துக்குப் பிறகு என்ர பிள்ளைக்கு ஒரு வெளிச்சம். அந்த மச்சானுக்கு ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுவன் எண்டு சொல்லு பிலிப்பு.” பிறகு: “படம் எடுத்தவரோ? ஒருக்கா அனுப்பச் சொல்லன் ராசா.”

மச்சானிடம் கேட்டேன். கமராவை பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினார்களாம்.

ஓகஸ்ட் 10, சனி

படம் எப்படியும் வேண்டும். சூசை அண்ணை இன்னும் பலெர்மோவில்தான். அவருடைய நம்பர் மொன்றியலில் ஒருவரிடம் கிடைத்தது. காலையிலேயே எடுத்தேன். முதலில் என் குரல் பிடிபடவில்லை. பிறகு நல்ல சந்தோசம். கேட்டேன்: ஒருக்கால் போய் ஒரு படம் எடுத்து அனுப்புவீங்களோ?

“எந்தக் கல்லறை தம்பி?”

தாசனுடையது.

“அது இல்லையேடா இப்ப. பத்து வருசம் முடிய அந்த வரிசையெல்லாம் கிண்டிப்போட்டினம். வாசலில தாள் ஒட்டியிருந்ததாம், உறவுக்காரர் வந்து எலும்பை எடுங்கோ எண்டு. நான் அப்ப ஆஸ்பத்திரியில. வெளியில வந்து போய்ப் பாத்தன், புது ஆக்கள் கிடக்கினம். ஆள் வராத எலும்பெல்லாம் பொதுக் கிடங்குக் குழிக்குள்ள.”

“எப்ப?”

“போன வருசம்.”

அவர் தொடர்ந்து ஏதோ சொன்னார். தன் சலரோகம், மகளின் கல்யாணம். ஓம் ஓம் என்றேன்.

றெஜினாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். “அண்ணை வேற ஆரின்ரையோ கல்லறையில மாறிக் கொளுத்தியிருப்பார்.”

“படம் கீறிக் கொடுத்தனான்.”

“நாளைக்கு அங்க சாப்பாடு. ஒண்டும் கேக்காதேங்கோ. அவர் இல்லாட்டி நாங்கள் இப்ப எங்க?”

கேட்பதில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

கேட்டேன்.

மில்லிக்கன். ஆட்டிறைச்சிக் கறி, புட்டு. மச்சானின் வேலையிடத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அவர்களுக்கு இத்தாலிக் கதை. “எங்கட மச்சான் பாதை கீறித் தந்தவர். முழுக்க நடந்துதான் பாத்தனாங்கள். இவரின்ர சிநேகிதன் ஒருத்தன்ர கல்லறைக்கும் போய்...”

“கல்லறை எந்தப் பக்கத்தில இருந்தது மச்சான்?”

“கேற்றால போய் வலப்பக்கம். நீர் கீறினமாதிரியே.”

“போன வருசமே அதைக் கிண்டி எடுத்திட்டினம்.”

வனிதா குசினிக்குள் போனாள். வந்தவர்கள் புட்டைப் பார்த்தார்கள். மச்சானுக்கு முகம் கறுத்தது, ஆனால் சொல் தடக்கவில்லை.

“இப்ப என்ன? பிள்ளையள் கடலுக்குப் போகோணுமெண்டு நிண்டதுகள். உம்மட மனம் நோகக்கூடாதெண்டுதான் அப்பிடிச் சொன்னது.”

“நான் தாய்க்குச் சொல்லிப்போட்டன்.”

“சொன்னதை அப்பிடியே விடும். கிழவிக்கு என்ன தெரியப்போகுது?”

மகள் ஷரன், யுனிவர்சிற்றிக்குப் போகிறவள், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “டாட், ஜஸ்ட் சே சொறி.”

“நீ வாயைப் பொத்து.”

றெஜினா மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளுவாள் என்று காத்திருந்தேன். கிள்ளவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“அந்தக் கிழவிக்குப் பேர் இருக்கு அண்ணை. எலிசபெத்து. எங்கட அம்மாவின்ர வயசு.” பிறகு என்னிடம்: “எழும்புங்கோ, போவம்.”

“ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை, பேசாமல் இரு, நான் கொண்டுபோய் விடுறன்” என்றார் மச்சான். கதவைச் சாத்தும்வரை அதையே சொன்னார்.

பஸ் ஓடும் ஸ்ரீல்ஸ் வீதிவரை நடந்தோம். நடைபாதை இல்லாத இடத்தில் புல்லில். கார்கள் ஹோன் அடித்தன. றெஜினா என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பஸ் தரிப்பில் இருந்துகொண்டு சொன்னாள்: “இனி அம்மாவை அவர்தான் வச்சுப் பாக்கிறார் எண்டு சொல்லிக் காட்டுவார்.” மாமியார் அந்த வீட்டின் கீழ்த்தட்டில் இருக்கிறார். சத்தம் கேட்டிருக்கும். மேலே வரவில்லை.

ஓகஸ்ட் 14, புதன்

முழங்கால் பூசணிக்காய். டொக்டர் ஏசினார். நடக்க வேண்டாம் என்றேனே என்றார். பஸ் இல்லாத ஊரில் வீடு வாங்கிய மச்சானைப் பற்றி அவருக்குச் சொல்லவில்லை.

மில்லிக்கனிலிருந்து போன் இல்லை. றெஜினா தாயோடு கதைக்க எடுத்தால் வனிதா எடுத்து, அம்மா நித்திரை என்கிறாள். எந்த நேரம் எடுத்தாலும் நித்திரை.

குளிரூட்டி திருத்திவிட்டார்கள். இப்போது ஊரே குளிர்ந்துவிட்டது.

கொழும்பில் தாசனின் தாய் இப்போது மச்சானுக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு நாளும். தாசன் கிடங்கில், மச்சான் செபத்தில்.

றெஜினா: “சொல்லாட்டி அவ நிம்மதியாச் சாவா.”

நான்: “ஓம்.”

றெஜினா: “அப்ப விடுங்கோ.”

பிறகு அவளே: “விடேலாது என்ன?”

ஓகஸ்ட் 17, சனி

புது கார்ட். காலை. றெஜினா பக்கத்தில் வந்து இருந்தாள்.

தாசனின் தாய் வந்து, மூச்சு வாங்கி, “படம் வந்திட்டுதோ?” என்றார்.

சொன்னேன். மெழுகுதிரி கொளுத்தவில்லை அம்மா. அவர்கள் போகவே இல்லை. கல்லறையும் இல்லை, பத்து வருசம் முடியக் கிண்டிவிட்டார்கள், எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. நான் தெரியாமல் சொன்னது பொய்யாகிவிட்டது.

அந்தப் பக்கம் யாரோ வீட்டு ரேடியோ. சிங்களப் பாட்டு. அழுவார் அல்லது ஏசுவார் என்று நின்றேன். ஏசினால் நல்லது என்றிருந்தது.

“அப்ப என்ர பிள்ளை இப்ப எங்கை?”

“பொது இடம் அம்மா. ஆள் வராத ஆக்களை எல்லாம் ஒண்டா வைக்கிற இடம். அதே சேமக்காலைக்குள்ளதான்.”

“அவையள் எல்லாம் இத்தாலிக்காரரோ?”

“கனபேர் அவையள்தான்.”

“தனிய இல்லை.”

“இல்லை அம்மா.”

மறுபடியும் ரேடியோ. றெஜினா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் அந்தப் பாஷை நல்லாக் கதைப்பானோ பிலிப்பு?”

“என்னிலும் பாக்க நல்லாக் கதைப்பான் அம்மா. சந்தையில அவனை விட்டுத்தான் நாங்கள் விலை கேக்கிறது.”

“அப்ப சரி” என்றார்.

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கார்ட் முடிந்து லைன் தானாக அறுந்தது.