பின்படலை திறந்த திங்கட்கிழமை

உ
ஒக்லாந்து
9-6-1998

அன்பு மகள் ராகவிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பிள்ளையார் கிருபையால் இங்கே அப்பாவும் நானும் உன் தம்பி ஜனார்த்தனும் சுகமாய் இருக்கிறோம், குளிர் தொடங்கியும் இன்னும் ஒருவருக்கும் தடிமன் பிடிக்கவில்லை. ரொறன்ரோவில் நீயும் மருமகனும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் இதைவிடச் சுகமாய் இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். போன மாதம் ரெலிபோனில் நான் வென்றுவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்ததற்குக் கோபிக்காதே, நாலு நிமிடத்தில் சொல்லக்கூடிய கதையா இது, அதோடு படலை திறக்கும்வரை முழுக்கதையும் எழுதுவதில்லை என்று மனதுக்குள் ஒரு நேர்த்தி. நேற்றுத்தான் திறந்தது. இனி எழுதலாம்.

முதலில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன், பிறகு ஒருவரை விட்டுவிட்டேன் என்ற குறை வரக்கூடாது. மே மாதம் பதினான்காம் திகதி வியாழக்கிழமை பின்னேரம் ஐந்தேமுக்காலுக்கு எங்கள் ஹோலில் இருந்தவர்கள்: அப்பா, ஈஸ்ட் டாமாக்கிப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருந்து வந்த உடுப்போடு, பின்வீட்டுப் புஷ்பவதி, மடியில் அவளின் ஆறு வயது மகள் லக்ஷிகா, மன்னார்த் தோமசும் அவர் மனைவி ராசமணியும், மதுரைக்காரி பத்மாவதி, கையில் ஒரு சட்டி சர்க்கரைப் பொங்கல், வென்றாலும் தோற்றாலும் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தவள், மேசைக்குக் கீழே உன் தம்பி, சுவர்த் தட்டில் பிள்ளையார், ரெலிபோனுக்குப் பக்கத்தில் நான். பள்ளிக்கூடத்தை நடத்தும் பெற்றோர் சபைக்கு, இங்கே போர்ட் என்பார்கள், காரியாலயத்தில் இருந்து தேர்தலை நடத்திய மிஸிஸ் ஹார்ட்லி ரெலிபோன் எடுத்தா. ஒன்பது பேர் தேர்தல் கேட்ட இடத்தில் ஐந்து பேர் தெரிவு, அதில் ஐந்தாவது ஆள் மிஸிஸ் தவராசா, ஆறாவது ஆளைவிடப் பதினொரு வோட் கூட என்று மெதுவாய்ச் சொன்னா. எனக்கு விளங்கியதா என்று சந்தேகப்பட்டு இன்னொருமுறையும் சொன்னா. விளங்காமல் என்ன, பதினொன்று என்ற சொல் எந்தப் பாஷையிலும் விளங்கும். நான் திரும்பிப் பார்க்க அப்பா நாற்காலியால் எழும்பி நின்றார், எழும்பினவர் என்ன செய்வதென்று தெரியாமல் சேர்ட் பொத்தானைப் பூட்டினார். பத்மாவதி, அப்ப இனிமே அக்காகிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுத்தான் பேசணுமா என்று கேட்க வீடே சிரித்தது.

உனக்குத் தெரியும், நீ கலியாணம் முடித்துப் போனபோது எங்கள் தெருவுக்குப் பின்னால் மாடு மேய்ந்த வெளி. இப்போது அதில் இருநூறு வீடு, அதில் தமிழ்க் குடும்பம் மட்டும் இருபத்தாறு, மற்றது சமோவாக்காரர், பிஜி இந்தியர், சீனர். எல்லாருடைய பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தின் பின்வேலி எங்கள் பக்கத்தில்தான், அதில் ஒரு இரும்புப் படலை இருக்கிறது, ஆனால் எப்போதும் பூட்டு. திறந்தால் கண்டவர்களும் உள்ளே வருவார்கள் என்று பழைய போர்ட் இரண்டுமுறை மறுத்துவிட்டது. போர்ட்டில் இருந்த பெற்றோர் எல்லாரும் முன்பக்கத்துப் பழைய வீட்டுக்காரர், அவர்களின் பிள்ளைகளுக்கு முன்படலை எதிரிலேயே. எங்கள் பிள்ளைகள் சுற்றி, லொறிகள் ஈஸ்ட் டாமாக்கிக்குப் போகிற பெரிய ரோட்டால் நடக்கவேண்டும், ஒரு துண்டுக்கு நடைபாதையே இல்லை. மார்ச் மாதம் ஒரு மழைநாள் லக்ஷிகா அந்த இடத்தில் வழுக்கி விழுந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, தோளில் இருந்து கழன்ற பையின்மேல் லொறிச் சில்லு ஏறிவிட்டது. புஷ்பவதி அந்தப் பையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சாப்பாட்டுப் பெட்டி அப்பளம்போல இருந்தது. அவள் அழவில்லை, இதை ஆரிட்டக் கொண்டுபோய்க் காட்டுறது அக்கா என்று மட்டும் கேட்டாள். அன்று இரவு முழுக்க அந்தக் கேள்விதான்.

அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் இருந்து தேர்தல் அறிவித்தல் வந்தது. தம்பி பையில் கொண்டுவரும் கடிதங்களை அகராதி வைத்து வாசித்து வாசித்துத்தானே நான் இந்த இங்கிலீசையே படித்தேன், இதையும் இரண்டுநாள் வாசித்தேன். பிள்ளை படித்தால் எந்தத் தாயும் தேர்தல் கேட்கலாம் என்று இருந்தது, எட்டாம் வகுப்போடு நின்றவள் கேட்கக்கூடாது என்று எங்கும் இல்லை. நீ ரெலிபோனில், அம்மா உங்களுக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை, இங்கிலீசில எழும்பிக் கதைக்கவேணும் என்று சொன்னாய். நான் கோபிக்கவில்லை, நீ பயந்துதான் சொன்னாய். அப்பாவும் அதைத்தான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டு விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான். கேட்கிறவர் தன்னைப்பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதிக் கொடுக்கவேண்டும். மற்றவர்கள் தங்கள் படிப்பு, உத்தியோகம், நோக்கம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு எழுத அப்படி ஒன்றும் இல்லை. நான் அரிசி மா கணக்கு எழுதும் கொப்பியைத் திருப்பி, பின்பக்கத்தில் பத்துப் பள்ளிநாள் கணக்கெடுத்தேன். காலையில் அந்த ரோட்டில் குடையோடு நின்று, இத்தனை பிள்ளைகள், இத்தனை லொறிகள், இத்தனை நிமிடம் என்று. குறிப்பில் எழுதியதும் அதுதான். பின்பக்கத்தில் இருந்து நடக்கும் பிள்ளைகள் நாற்பத்தெட்டு. முன்படலைக்கு முப்பத்தொரு நிமிடம். அரைமணி நேரத்தில் லொறிகள் அறுபத்திரண்டு. பின்படலையால் போனால் ஏழு நிமிடம். என் பெயர் மரகதம் தவராசா, நான் அந்த ரோட்டில் நின்று எண்ணினேன். அவ்வளவுதான்.

இனி நாங்கள் விட்ட பிழையைக் கேள், கேட்டுவிட்டுச் சிரி. வாக்குச்சீட்டு தபாலில் வரும், நிரப்பித் திருப்பி அனுப்பவேண்டும். ஒரு கிழமை பார்த்தேன், எங்கள் வீட்டுக்கு வரவில்லை. புஷ்பவதிக்கும் இல்லை. தபால் பிந்துகிறது என்று இருந்தேன். வோட் முடிய நாலு நாள் இருக்கையில் தோமஸ் வந்து, அக்கா நானும் ராசமணியும் உங்களுக்குத்தான் போட்டனாங்கள், பிழை வராது என்றார். ஒரே தெரு, ஒரே தபால்காரன், அவருக்கு வந்தது எங்களுக்கு ஏன் வரவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு வீடுவீடாய்ப் போனேன். இருபத்தாறு குடும்பத்தில், தோமஸ்போல மாதாவைக் கும்பிடும் ஏழு வேதக்காரக் குடும்பத்துக்கும் வந்திருக்கிறது, சைவக்காரர் பத்தொன்பது பேருக்கும் இல்லை. தோமஸ் என்னைப் பார்த்து, அக்கா இது வெள்ளைக்காரன் செய்த வேலை இல்லை, உங்கட பிள்ளையார் செய்த வேலை என்று பகிடி விட்டார். எனக்குப் பகிடி பிடிபடவில்லை, அடுத்த வீட்டுப் படியேறினேன். கடைசியாய்ப் பத்மாவதி வீட்டில்தான் வெளித்தது. ஆமா அக்கா, ஏதோ ஒரு கவர் வந்துச்சு, மிஸிஸ் கார்த்திக்னு போட்டிருந்தது, கார்த்திக் எம் புள்ளை, அவனுக்கு ஏழு வயசு, பொண்டாட்டிக்கு நான் எங்க போறது, குப்பையில போட்டுட்டேன் என்றாள். என்னோடு வந்த புஷ்பவதி ஓடிப்போய் மிஸிஸ் லக்ஷிகா என்று எழுதிய கவரை எடுத்துவந்தாள், மகளுக்கு வந்த கடிதம் என்று உடைக்காமல் அலுமாரியில் பத்திரமாய் வைத்திருந்திருக்கிறாள்.

விளங்கிவிட்டதா. பிள்ளையைச் சேர்க்கும்போது நாங்கள் எல்லாரும் ஊர் வழக்கப்படி தகப்பன் பெயரை முதல் கட்டத்திலும் பிள்ளையின் பெயரைக் கடைசிக் கட்டத்திலும் எழுதினோம். இவர்களுக்குக் கடைசிக் கட்டம்தான் குடும்பப் பெயர். தோமஸ் வீட்டில் எல்லாருக்கும் தோமஸ் என்றே முடிவதால், மற்ற வேதக்காரர் வீட்டிலும் அப்படியே என்பதால், அவர்களுக்குச் சரியாய் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு கிழமைக்கு முதல் எங்கள் வீட்டுக்கும் மிஸ்டர் ஜனார்த்தன், மிஸிஸ் ஜனார்த்தன் என்று இரண்டு கவர் வந்தது. அப்பா, இஞ்சேரும், உம்மட மோனுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கலியாணம் முடிச்சு வைச்சிட்டாங்கள் என்று சிரித்தார். நான் ஒழுங்கானவள் அல்லவா, இந்தப் பெயரில் இங்கே பெரியவர்கள் இல்லை என்று கவரின்மேல் அழகாய் இங்கிலீசில் எழுதித் தபால்பெட்டியில் திரும்பப் போட்டேன். என் சொந்த வோட்டை என் கையாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன், பிள்ளை. அதுவும் தேர்தல் கேட்கிற ஆள்.

அடுத்தநாள் காலை காரியாலயத்துக்குப் போனேன். மிஸிஸ் ஹார்ட்லி முதலில் கொஞ்சம் முகம் சுருக்கினா. நான் பத்தொன்பது குடும்பத்தையும் இடப்பக்கம் பிள்ளையின் பெயர், வலப்பக்கம் தாய் தகப்பன் பெயர் என்று கோடு போட்டு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதை அவ தன் பட்டியலோடு விரல் வைத்து ஒத்துப் பார்த்தா, பார்க்கப் பார்க்க அவவின் காது சிவந்தது. மேசைக்குள் இருந்து திரும்பி வந்த கவர்களை எடுத்து வைத்தா, மேலே கிடந்தது என் கையெழுத்து. இரண்டுபேரும் சிரித்தோம். நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் வேறு சீட்டுத் தரலாம், ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு சரி என்றா. மூன்றே நாள், மகள். தோமஸ் தன் வானில் இரவுவேலை முடித்து வந்தவர்களை நித்திரைக்கு விடாமல் ஏற்றினார். புஷ்பவதி கடைக் கவுண்டரில் லீவு கேட்டு வந்தாள். அப்பா சாப்பாட்டு நேரத்துக்குள் பஸ் எடுத்து வந்து போட்டுவிட்டுச் சாப்பிடாமல் திரும்பினார். எல்லாமாய் இருபத்தொன்பது சீட்டு. நான் வென்றது பதினொன்றால். கணக்கை நீயே பார்.

முதல் கூட்டம் மே இருபத்தெட்டு. பழைய தலைவர்தான் திரும்பவும் தலைவர், மரியாதையான மனுசன், ஆனால் படலை என்றால் முகம் மாறும். இந்த எண்கள் எங்கே இருந்து வந்தன என்று கேட்டார். நான் கொப்பியை விரித்து வைத்து, நின்றேன், எண்ணினேன் என்று இரண்டு சொல் இங்கிலீசில் சொன்னேன். பிறகு லக்ஷிகாவின் பையை மேசையில் வைத்தேன். அதற்கு இங்கிலீசு தேவைப்படவில்லை. தெரிவான ஐந்து பேரோடு அதிபரும் ஒரு ஆசிரியரும் சேர்ந்த ஏழு பேரில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். தலைவர் தூக்கவில்லை, ஆனால் காலையும் பின்னேரமும் பூட்டுத் திறப்பை வைத்துக்கொண்டு படலையடியில் யார் நிற்பது என்று அவர்தான் கேட்டார், மற்றவர்கள் கடதாசியைப் பார்க்க நான் கை தூக்கினேன். திறப்பை எழும்பி வந்து என் கையில் தந்தார்.

நேற்றுத் திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்குத் திறந்தேன். பிள்ளையாருக்கு நேர்ந்தபடி படலையடியில் ஒரு தேங்காய் உடைத்தேன், பள்ளிக்கூடக் காவல்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்து, துடைப்பம் கொண்டுவந்து தந்துவிட்டுத் தேங்காய்ச் சொட்டு ஒரு துண்டு வாங்கிப் போனார். சமோவாப் பிள்ளைகள் மற்றப் பாதியைக் கேட்டு வாங்கினார்கள். லக்ஷிகா புதுப்பையோடு முதலாவதாய் உள்ளே போனாள். கொப்பியில் எழுதியிருக்கிறேன்: பிள்ளைகள் நாற்பத்தெட்டு, லொறி இல்லை, ஏழு நிமிடம்.

உனக்கு இனி எட்டாம் மாதம். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு குடிக்காதே. படியேறும்போது கைப்பிடியைப் பிடி. மருமகனுக்கு இரவு வேலை என்றால் பக்கத்து வீட்டுக்காரியின் நம்பரைக் கட்டிலடியில் எழுதி வை. முருகனுக்கு நீ நேர்ந்ததை மறக்காதே. எல்லாத் தெய்வமும் உங்கள் மூவரையும் காக்கட்டும், உன் பிள்ளை நடக்கும் வழியெல்லாம் திறந்தே இருக்கட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். தம்பி இங்கிலீசில் ஹலோ சொன்னான், நான் தமிழில் எழுதிவிட்டேன்.

ஒன்றே ஒன்று. பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் பெயர்ப் படிவம் தருவார்கள். எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதப் போகிறீர்கள் என்று மருமகனோடு இருந்து கதைத்து, கெதியாய் எனக்கு ஒரு பதில் போடு.

அன்புடன்,
உன் அம்மா
மரகதம் தவராசா