வந்தவர் குறிப்பு

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரையும் கெஞ்சி எழுதச் சொல்லவில்லை. என் கை, என் பேனா. இந்த நாலு வரிக்குள் தேநீர் ஆறிவிட்டது. ஆறட்டும்.

படிக்கத் தெரிந்ததும் முதலில் என்ன படித்தேன் தெரியுமா? சந்தைச் சுவரில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்'. அதற்கு நேர் கீழே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். சீ! அடுத்தது மூல நோய் விளம்பரம். அதற்கடுத்தது பேருந்து இருக்கையின் முதுகில் எவனோ ஒருத்தியைப் பற்றிக் கிறுக்கியது. இத்தனை வருஷமாக எழுத்தென்றால் ஏதோ உயர்ந்த சங்கதி என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்க அசிங்கத்தைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒன்றையும் விடுவதில்லை. பசி ருசி அறியாது.

நான் முதியோர் வகுப்பில் சேர்ந்தது செய்தித்தாள் படிக்க அல்ல. உனக்கு இரண்டு வயதிலிருந்து நாலு வயது வரை, வருஷா வருஷம் குழந்தை வளர்ச்சிக் கணக்கெடுப்பு என்று ஓர் அம்மாள் வருவாள். உன் உயரத்தை அளப்பாள், தராசில் உட்கார வைப்பாள், படம் காட்டுவாள். பிறகு மடியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுவாள், எழுதுவாள், அப்படி எழுதுவாள். நான் குழாய் வேலைக்குப் போயிருப்பேன். சாயங்காலம் உன் அம்மா அவளைப் போலவே மூக்கைச் சுளித்து எழுதிக் காட்டுவாள். அம்மாவுக்குக் காதும் பேச்சும் இல்லாவிட்டால் என்ன, கிண்டலுக்குக் குறைச்சலா? நாம் மூவரும் உருண்டு சிரிப்போம்.

அந்த அம்மாள் உன் அம்மாவைப் பற்றி என்ன எழுதினாள் என்று படிக்க வேண்டும். அவள் இருந்தபோது படித்துச் சொல்ல எனக்கு வக்கில்லை. நீ இந்த மாதிரிக் கணக்குகளை வைத்துத்தானே ஆராய்ச்சி செய்கிறாய்? எங்கே கிடைக்கும், சொல்.

உன் அப்பா

*

மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். எழுத்து என் மகன் எழுத்தைவிட நன்றாக இருக்கிறது. முழங்கால் எப்படி? மருந்தை விட்டுவிட்டீர்களா?

அந்தக் கணக்கெல்லாம் இப்போது ஓர் இணைய நூலகத்தில் இருக்கிறது. மனுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்தாலும் வெறும் எண்கள். பெயர்கூட இருக்காது. கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் அப்பா. நல்ல கதைப் புத்தகம் வாங்கி அனுப்புகிறேன்.

அன்பு மகள்

*

ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

கதைப் புத்தகம் அனுப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குள் நான் பொது நூலகத்துக்குப் போய்விட்டேன். அங்கே உள்ள கீபோர்டைப் பார்க்க வேண்டுமே! எவனெவன் தின்றதோ, எழுத்துக்கு நடுவே தூள் தூளாக அடைந்து கிடக்கிறது. சாக்கடைக் குழாயில் தோள் வரை கை விட்டவன் நான். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நூலகத்துப் பெண் நல்லவள். "நிறுவனம்னு கேக்குது தாத்தா, என்ன போடலாம்?" என்றாள்.

"என் வீடுன்னு போடும்மா."

"வீடு நிறுவனமா?"

"முப்பது வருஷம் நடத்தியிருக்கேன், நஷ்டத்துல."

சிரித்தாள். பிறகு தேடிப் பார்த்து, ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு வழி, கணக்கெடுப்பில் இருந்த குடும்பத்துக்கு வேறு வழி என்றாள். வீட்டு எண்ணைக் கொடுத்தால் நம் வீட்டு விவரத்தை மட்டும் தருவார்களாம். கணக்கெடுப்புக்காரர்கள் எண் போட்டு அடித்துவிட்டுப் போன தகரத் துண்டு இன்னும் கதவு நிலையில்தான் இருக்கிறது. மேலே அடித்த பெயின்டைச் சுரண்டி எண்ணை எடுத்தேன். நோக்கம் என்ன என்று கேட்டதற்கு, 'என் மனைவியைப் பற்றிப் படிக்க' என்று நானே தட்டினேன். அரை மணி ஆனது. பின்னால் காத்திருந்தவன் முறைத்தான். முறைக்கட்டும்.

உன் அப்பா

*

ஏப்ரல் 27

அன்புள்ள வாயாடிக்கு,

வந்துவிட்டது. நீ சொன்னபடி எல்லாம் எண்கள்தான். ஆனால் எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தனியாக ஒரு கையேடு இருக்கிறது. விரலை வைத்துப் படித்தேன். 'தாய் குழந்தையிடம் பேசுவது: அதிகம் என்றால் ஒன்று, ஓரளவு என்றால் இரண்டு, இல்லை என்றால் மூன்று.' நம் வீட்டுக்கு மூன்று. மறு வருஷமும் மூன்று. அதற்கு மறு வருஷமும்.

கடைசியில் 'வந்தவர் குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில் எழுத்தாகவே இருந்தது. பார்த்து எழுதுகிறேன்: 'தாய் அக்கறையற்றவர். எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. கையை வீசி வெளியே போகச் சொல்கிறார்.'

கையை வீசினாளாம்! உட்காருங்கள், தேநீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருப்பாள். நம் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும் அந்தக் கை. மூன்று வருஷம் வந்தவளுக்கு 'இந்த அம்மாவுக்குக் காது கேட்குமா' என்று பக்கத்து வீட்டில் கேட்கத் தோன்றவில்லை. தேநீரையும் குடித்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்கிறாள். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நீ பெரிய இடத்தில் இருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லித் திருத்த வை. அந்த அம்மாவுக்குக் கையால்தான் பேச்சு, பெண்ணும் அவளும் பொழுது முழுக்கப் பேசினார்கள் என்று போடச் சொல். அது போதும்.

உன் அப்பா

*

மே 10

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் பழைய தரவைத் திருத்த விதியில் இடமில்லை. அந்த அம்மாளும் இப்போது உயிரோடு இருக்க மாட்டார். பெயர் இல்லாத ஒரு எண்தானே அப்பா, யாருக்கும் நாம் என்று தெரியாது. அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் படித்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்பு மகள்

*

மே 21

அன்புள்ள மகளுக்கு,

படிக்காதே என்றால் படிக்கிற வயசு எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. கீழே போய்ப் பார்த்தேன். 'இத்தரவைப் பயன்படுத்திய கட்டுரைகள்' என்று ஒரு வரிசை. முதலில் உன் பெயர். அச்சில் உன் பெயரை நானே படித்தது அதுதான் முதல் தடவை. நூலகம் என்றுகூடப் பார்க்காமல், "என் பொண்ணு! என் பொண்ணு!" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் ஓடி வந்து, கட்டுரையின் தமிழ்ச் சுருக்கத்தைப் பெரிய எழுத்தாக்கிக் கொடுத்தாள்.

படித்தேன். 'பேச்சில்லாத வீடு' என்று ஒரு வீட்டைச் சொல்லியிருக்கிறாய். மூன்று வருஷமும் தாய் குழந்தையிடம் ஒரு சொல் பேசவில்லை என்கிறாய். புறக்கணிப்புக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது என்கிறாய். பக்கத்திலேயே வீட்டு எண். நான் பெயின்டைச் சுரண்டி எடுத்த எண்.

அந்தப் பெண், "என்ன தாத்தா, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்றாள். வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன்.

தெரியாமல் எழுதிவிட்டேன் என்று ஒரு வரி எழுது. நம்புகிறேன். குடும்பத்தார் கேட்டால் தங்கள் விவரத்தை விலக்கிக்கொள்ளலாம் என்றும் போட்டிருக்கிறது. உன் பதில் வரும் வரை பொறுத்திருக்கிறேன்.

அப்பா

*

ஜூன் 8

அப்பாவுக்கு,

பொய் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை. நம் வீடு என்று எனக்குத் தெரியும். அந்தத் தகரத்து எண்ணைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள்தானே நான். எண்களை மட்டும் பார் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அதன்படி எழுதினேன். இங்கே யாருக்கும் அம்மாவைப் பற்றித் தெரியாது. ஒருவர் கேட்டபோது அம்மா ஆசிரியை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை.

அந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வீட்டின் மேல் நிற்கிறது. நீங்கள் விலக்கினால் ஏன் என்று என்னைத்தான் கேட்பார்கள். என் வேலை, என் மரியாதை எல்லாம் போய்விடும். தயவுசெய்து வேண்டாம் அப்பா. அம்மா எப்படியும் படிக்கப் போவதில்லை. நீங்கள் படிப்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

உங்கள் மகள்

*

ஜூன் 20

மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். யாரும் உதவவில்லை. கடைசி வரியை மட்டும் திரும்பவும் படித்தேன், தப்பாகப் படித்துவிட்டேனோ என்று. சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

அடைப்பு எடுக்கப் போன வீடுகளில் மனுஷர்கள் கொட்டியதையெல்லாம் கையால் அள்ளியிருக்கிறேன். குளித்தால் போய்விடும். இது போகவில்லை.

நம் வீட்டு விவரத்தை விலக்கச் சொல்லி நேற்று மனுவைப் போட்டுவிட்டேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. நூலகத்துப் பெண், "அது கட்டாயமில்ல தாத்தா, சும்மா விட்டுடலாம்" என்றாள். நான் விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி 'அருவருப்பு' என்று தட்டினேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

கடைசியில் அவளே தயங்கினாள். "அம்மா விவரத்த மட்டும் தனியா எடுக்க முடியாது தாத்தா. தாயும் பிள்ளையும் ஒரே வரிசையில இருக்காங்க. அழிச்சா ரெண்டு பேரும் போயிடுவாங்க. பரவாயில்லையா?"

அந்த வரிசையின் மேல் விரலை வைத்தேன். பிறகு, "சேர்ந்தே வரட்டும்மா" என்றேன்.

என் மனைவியை அங்கிருந்து கூட்டி வந்துவிட்டேன். கூடவே நாலு வயசுக்காரி ஒருத்தியும் வந்திருக்கிறாள். இரண்டு பேரும் என்னோடு இருக்கட்டும். கட்டுரை எழுதியவளை எனக்குத் தெரியாது. அவள் எனக்குக் கடிதம் போட வேண்டாம். வந்தால் படிக்காமல் இருக்க என்னால் முடியாது.

அப்பா