டின்னில் வந்த நம் தோட்டம்

கொழும்பு
12.07.2009

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மழையில் வேலைக்குப் போகாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்! நான் நலம். கடையில் நாள் முழுக்க நிற்பதால் கால்தான் வீங்குகிறது.

கடைச்சாமான்களைப் பாவித்துப் பார்த்து, நல்லது கெட்டதை இன்டர்நெட்டில் எழுதுகிறேன் என்றேனே, அதைப் பார்த்து ஒரு கம்பெனி முதல் தடவையாக ஒரு டின் தேயிலை அனுப்பியது. வீட்டில் போடுகிற மாதிரியே கேத்தலில் கொதிக்கவிட்டு, பால்மாவும் சீனியும் போட்டுக் குடித்தேன். 'சாயமே இல்லை, தூள் சரியில்லை' என்று என் பெயரைப் போட்டு எழுதியும் விட்டேன்.

அந்தக் கம்பெனிப் பெண்மணி போனில் என் ஊரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீங்க தோட்டத்துப் பிள்ளைதானே, நல்ல தேயிலையே குடிச்சதில்லையா?"

கொதிநீர் ஊற்றி மூடிவைத்து, பால் சேர்க்காமல் குடிக்க வேண்டுமாம். நானும் சிரித்துவைத்தேன். பிறகுதான் டின்னைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் நம் தோட்டத்தின் பெயர்.

திருத்தி எழுதிவிட்டேன். இந்தத் தடவை உங்கள் பெயரையும் சேர்த்து, 'பேச்சியம்மா மகள் தவமலர்' என்று போட்டேன்.

தோட்டத்தில் உங்களுக்கு மாதாமாதம் தரும் தேயிலைத்தூளில் கொஞ்சம், பக்கத்து வீட்டு ரஜனி அக்கா கொழும்புக்கு வரும்போது அவரிடம் கொடுத்தனுப்புங்கள். இங்கே எதைக் குடித்தாலும் குடித்த மாதிரி இல்லை. அந்த டின்னை அவரிடமே தருகிறேன். மூடிவைத்துக் குடித்துப் பாருங்கள். முப்பது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறீர்கள், நீங்களும் அதைக் குடித்ததில்லையே.

கடை திறந்துவிட்டார்கள், போகிறேன்.

மகள்,
தவமலர்