நாலு ஊருக்கு ஐந்து அறை

அன்பு மகள் சில்வண்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். நீ நலமாயிருப்பது போனில் உன் வாயடியிலேயே தெரிந்தது. அம்மாவும் நலம், சொல்லப்போனால் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் இவ்வளவு நலமாக இருந்ததே இல்லை. ஆனால் எங்கே நலமாக இருக்கிறாள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னபோது குளிக்கிறாள் என்றேனே, அது பொய். அதற்கு முன்னால் உண்மையைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன், நீ பாதியிலேயே விளையாடாதீங்கப்பா என்று சிரித்துவிட்டாய். கடிதம் என்றால் நீ நடுவில் சிரித்தாலும் மீதி எழுத்து அங்கேயேதான் இருக்கும், அதனால் எழுதுகிறேன். முழுதாகப் படி. அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அது உன்னால்தான் முடியும்.

எல்லாம் நீ அனுப்பிய பயணத் திட்டத்தில் தொடங்கியது. ஒரு மாதம் ஆசியாவைச் சுற்றிவிட்டுக் கடைசியில் உன் ஊருக்கு வருவது என்றால் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் பதினொரு ஊர் போட்டிருந்தாயே, சரக்கு லாரிக்குக்கூட அவ்வளவு ஓட்டம் கொடுக்கமாட்டார்கள். விடிவதற்கு முன் பஸ், இறங்கியதும் கோட்டை, மத்தியானம் அருவி, சாயங்காலம் படகு. படித்துக் காட்டியதும் உன் அம்மா, ஊர் பாக்கப் போறோமா இல்ல ஒவ்வொரு ஊருக்கும் ஆஜர் குடுக்கப் போறோமா என்று கேட்டாள். டாக்டர் போகலாம் என்றுதான் சொன்னார், ஓடலாம் என்று சொல்லவில்லை. அதனால் நான் ஏழு ஊரை அடித்தேன். ஊர்ப் பெயர்கள் என் வாயில் நுழையாது, கடல் ஊர், ஆற்று ஊர், மலை ஊர், கடைசியில் உன் ஊர் என்றே எழுதுகிறேன், உனக்குப் புரியும். ஊருக்கு ஒரு வாரம். போய் இறங்கிய நாளும் மறுநாளும் ஓய்வு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம், அதுவும் காலையில், வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க மட்டும். நீ இதை நோயாளி அட்டவணை என்று கேலி செய்தாய். பரவாயில்லை, மனுஷ உடம்பு தாங்குகிற வேகம் இதுதான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உன் அப்பனைப் பற்றி உனக்குத் தெரியாதா, படிப்பு முடித்த கையோடு லிஃப்ட் மாட்ட ஆரம்பித்தவன், எதையும் சோதிக்காமல் ஓடவிட்டதில்லை. ஆள் ஏறுமுன் இரும்புக் கட்டிகளை ஏற்றி மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்போம். பயணத்தையும் அப்படியே வீட்டுக்குள் ஓட்டிப் பார்ப்போம் என்றேன். கூடம் கடல் ஊர், எங்கள் படுக்கையறை ஆற்று ஊர், மாடி அறை மலை ஊர், உன் அறை உன் ஊர், நடுவில் மாறிப் போவதற்கு சமையலறைதான் ரயில் நிலையம். அந்தந்த வாரம் அந்த அறையில் மட்டும் இருக்க வேண்டும், பெட்டியில் கொண்டுபோனதை மட்டும் உபயோகிக்க வேண்டும், எது குறைகிறது, எது சுமை, எத்தனை நாளில் அலுப்பு வருகிறது, எல்லாம் தெரிந்துவிடும். உன் மாமா கேட்டுவிட்டு, அக்கா, அத்தானுக்கு லிஃப்ட் கயிறு அறுந்து தலையில விழுந்திருச்சு போல என்றார். அம்மாவுக்கு மட்டும் குஷி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, தம்பி, ரூம்ல வெந்நீர் வருமா என்று என்னிடமே கேட்டாள். அந்த வாரம் முழுக்க நான்தான் ரூம் பையன். சிரித்துச் சிரித்து எனக்கே வயிறு வலித்தது.

அந்த வாரக் கடைசியில் படுக்கை விரிப்பை உதறினேன், மணல் கொட்டியது. பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது, அங்கிருந்து காற்றில் வந்திருக்கும் என்று பெருக்கித் தள்ளிவிட்டேன். அள்ளிப் பார்த்திருக்க வேண்டும். கட்டட மணல் இவ்வளவு மெலிதாக இருக்காது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அடுத்த வாரம் படுக்கையறையில் அவளுடைய புடவை ஓரம் எப்போது பார்த்தாலும் ஈரமாக இருந்தது. குழாய் ஒழுகுகிறதா என்று சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தேன், சருகு மாதிரி காய்ந்திருந்தது. கேட்டால், படித்துறையில வழுக்குதுங்க, ஓரமா ஒக்காந்து காலை மட்டும் நனைச்சேன் என்கிறாள். விளையாட்டைத் தொடர்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு டெய்லரம்மா ஜாக்கெட் கொடுக்க வந்தவள், அம்மா வெளியூரா, ரெண்டு நாளா வந்து கூப்பிட்டுப் பாக்குறேன், உள்ள ஆளே இல்லையே என்றாள். உள்ளேதான் இருக்கிறாள், காது மந்தமாகிவிட்டது உங்களுக்கு என்று சிடுசிடுத்து அனுப்பினேன். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மலை ஊர் வாரத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நாலு படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்குகிறவள், பெட்டியோடு மாடிக்கு ஒரே மூச்சில் ஏறிப் போனாள். வெயில் கொளுத்துகிறது, அவள் கம்பளி கேட்கிறாள். கன்னமெல்லாம் சிவந்து, கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தாள். நான் சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தபோது அவள் சிரிக்கவே இல்லை, மிகவும் மரியாதையாக, நீங்க இந்த ஊருதானா, சொந்தபந்தம் எல்லாம் இங்கேயேவா என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? ஒரு நொடி கழித்து, ஐயோ நீங்களா, இருட்டுல தெரியலங்க என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸாக இருந்தது. வெளியே பட்டப்பகல். அன்றைக்குத்தான் உன் மாமா வந்தார், அக்காவைப் பார்க்க மாடிக்குப் போனவர் உடனே இறங்கி வந்து, என்ன அத்தான், ஆள வெச்சு விளையாடுறீங்களா, ரூம் காலியா கெடக்கு என்றார். நான் வாயைத் திறக்குமுன் அவருக்குப் பின்னாலேயே அவள் படியிறங்கி வந்தாள், கையில் பெட்டி, தலைமுடி முழுக்கப் பனித்துளி. மாடிக்கு வேறு வழி கிடையாது என்பது உனக்கே தெரியும். உன் மாமா அன்றைக்குக் காபிகூடக் குடிக்கவில்லை.

போதும், நிறுத்திவிடலாம் என்று சொன்னேன். கடைசி ஊரையா விடச் சொல்றீங்க, நான் கிளம்பினதே அவளைப் பாக்கத்தானே என்றாள். சமையலறையில் நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டாள், ரயிலுக்கு நேரமாகிவிட்ட மாதிரி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே. போயிட்டு வரேன் என்று சொல்லாமல் ஒரு நாளும் வீட்டை விட்டு இறங்காதவள், அப்ப நான் கிளம்புறேன் என்று மட்டும் சொன்னாள். உன் அறைக்குள் போனாள். கதவு அடியில் உரசுமே, அந்தச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

இனி சொல்வதை அப்படியே நம்பு, நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. கதவு மூடியிருக்கும்போது அம்மா பேசுகிறாள். பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி தெளிவான குரல். கதவைத் திறந்தால் அறை காலி. நீ விட்டுப்போன மேஜை, சுற்றி வைத்த பாய், உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஜன்னல். மூடினால் மறுபடி பேசுகிறாள். ஒலி எங்கிருந்து வருகிறது என்று சுவர், தரை, மேல்தளம் எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டேன், கதவைக் கழற்றியே பார்த்தேன். கதவு இல்லாதபோது ஒரு சத்தமும் இல்லை, திரும்ப மாட்டி மூடியதும், என்னங்க உடைக்குறீங்க என்று கேட்கிறாள். உன் மாமாவைக் கூட்டி வந்தேன். கேலி பேசியே பொழுதை ஓட்டுகிற மனுஷன் கதவில் கை வைத்து அக்கா என்றார், சாப்பிட்டியாடா, மெலிஞ்சு போன குரலா இருக்கே என்று உள்ளேயிருந்து வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போலீசுக்குப் போகலாம் என்கிறார். போய் என்ன சொல்வது? ஆளைக் காணவில்லை, ஆனால் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்றா?

எங்கே இருக்கே என்று கேட்டேன். சில்வண்டு வீட்டுப் படிக்கட்டுல ஒக்காந்திருக்கேன், இங்க ஒரே தூறல், அவ இன்னும் வேலையிலேருந்து வரலை, நீங்க வேளைக்குச் சாப்பிடுங்க என்கிறாள். சரி, போதும், வீட்டுக்கு வந்துவிடு என்றேன். வீடுன்னா எந்த ரூமுங்க என்று கேட்டாள். கூடம் கடல் ஊரு, பாத்தாச்சு. பெட்ரூம் ஆத்து ஊரு, மாடி மலை ஊரு, அடுப்படி ஸ்டேஷன். வீடு எதுன்னு நீங்க சொல்லவே இல்லையே என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, வழி கேட்கிற மாதிரி சொன்னாள்.

அப்போதுதான் புரிந்தது. லிஃப்டை ஓடவிடுமுன் தவறாமல் செய்கிற வேலை, கூப்பிட ஆளில்லாத நேரத்தில் அது தானாக வந்து நிற்க ஒரு தளத்தைக் குறித்து வைப்பது. குறிக்க மறந்தால் கடைசியாக ஆளை இறக்கிவிட்ட தளத்திலேயே நின்றுவிடும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். நான் ஐந்து அறையையும் ஊருக்கும் நிலையத்துக்கும் பங்கு போட்டுவிட்டு, வீட்டுக்கென்று ஒரு மூலைகூட மிச்சம் வைக்கவில்லை. போகிற வழியை மட்டும் சோதித்தேன், திரும்புகிற வழியைத் திட்டத்திலேயே போடவில்லை. இப்போது கூடத்தைப் பழையபடி மாற்றிவிட்டேன். அவளுடைய நாற்காலி, செருப்பு, கண்ணாடி எல்லாம் பழைய இடத்தில் இருக்கிறது. கூடம்தான் வீடு, வா என்று கதவில் வாய் வைத்துக் கத்தினேன். வரத்தான் பாக்குறேன், இந்தப் பக்கம் உங்க கதவே இல்லைங்க, அவ வீட்டுக் கதவு ஒண்ணுதான் இருக்கு, தட்டினா யாருக்கும் கேக்கலை என்கிறாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். வேலை முடிந்து வந்ததும் உடனே கதவைச் சாத்திக்கொள்ளாதே. விரியத் திறந்து வைத்து, அம்மா உள்ளே வா என்று வாய்விட்டுச் சொல். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும். உள்ளே வந்ததும் தலையைத் துவட்டிவிட்டுச் சூடாக ஏதாவது கொடு, கூடம்தான் வீடு என்று அப்பா சொன்னதைச் சொல். அவளைத் தனியாக அனுப்பாதே, நீயே கூட வா. தானாக இறங்காத லிஃப்டை உள்ளே ஒருவர் நின்று பொத்தானை அழுத்தித்தான் இறக்க வேண்டும். லீவு தரமாட்டார்கள் என்று ஆரம்பிக்காதே, நான் உன் மேலாளரிடம் பேசுகிறேன். மெதுவாக வாருங்கள், வழியில் எங்கும் தங்க வேண்டாம்.

குரல் நேற்றிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அவசரம், தபாலில் போடாமல் உன் மாமாவை விட்டு இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன்.

நீ நன்றாயிருக்க வேண்டும், நோய் நொடியில்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, அம்மாவும் நீயும் சேர்ந்து இந்த வாசலில் வந்து நிற்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மறக்காமல் யோசித்துப் பார். நேற்று சாயங்காலம் நீ படியேறி வந்தாயாம், சாவியைத் தேடினாயாம், அவள் சில்வண்டு என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தாயாம், பார்த்துவிட்டு, குடையை அவள் மடியிலேயே உதறிவிட்டு உள்ளே போய்விட்டாயாம். பச்சைக் குடை என்கிறாள், கைப்பிடி உடைந்து துணி சுற்றியிருந்ததாம். உன்னிடம் அப்படி ஒரு குடை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றால் போன் செய்து என்னைத் திட்டு, உன் மாமாவோடு நானும் டாக்டரிடம் போகிறேன். இருந்தால் எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, எழுந்து போய்க் கதவைத் திற.

கூடத்தில் காத்திருக்கும்,
உன் அப்பா