மூன்றாவது நகர்வில் யானை

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

எரிச்சலில் தூக்கம் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் இன்று முத்தையாவிடம் சதுரங்கத்தில் தோற்றேன். கிள்ளான் போட்டிக்கு இனி அவர்தான் போவார்.

போன வாரம் மலாய் நண்பர் பாக் டின் ஒரு தொடக்க ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம், அடுத்து குதிரை, மூன்றாவது கஜா. இந்த வயதில் எழுதக் கற்றதிலிருந்து எதையும் எழுதிவைப்பதே எனக்குச் சந்தோஷம். மலாயில் கஜா என்றால் யானை. அப்படியே தமிழில் 'யானை' என்று எழுதினேன். இரண்டு சுழி 'னை' கூடப் பிசகவில்லை.

இன்று மூன்றாவது நகர்வில் கை தயங்கியது. குதிரை விட்டுப்போன இடத்துக்கு யானையை ஒரு கட்டம் நகர்த்தலாம், பயன் ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதியது பொய்யாகுமா? நகர்த்தினேன்.

"என்னண்ணே, யானையக் குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார் முத்தையா.

அதன்பின் அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியவில்லை. ராஜா நடுவிலேயே மாட்டிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் பாக் டின், நாம் மந்திரி என்று சொல்லும் காயைத் தூக்கிக் காட்டினார். "இதுதான் கஜா லா." மலாய்ச் சதுரங்கத்தில் அதுதான் யானையாம்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நான் கஜா சொன்னேன் லா. யானை யாரு சொன்னா?"

இப்போது யானையை அடித்துவிட்டு மந்திரி என்று எழுதினேன். சின்ன 'ரி'யா, பெரிய 'றி'யா என்று சந்தேகம் வந்துவிட்டது. இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றையே நம்பிக் கெட்டது போதும்.