கையை அழுத்தினால் போதும்

கோமுகி ஆற்றங்கரை,
கச்சிராயபாளையம் வழி,
கள்ளக்குறிச்சி தாலுக்கா.
19.9.1987, சனிக்கிழமை

கர்த்தருக்குள் என்றும் அன்புள்ள சலோமி சித்திக்கு,

பியூலா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, ஜெயசிங் சித்தப்பா, நான் எல்லாரும் சுகமாக இருக்கிறோம். மெஞ்ஞானபுரத்தில் நீங்களும் உங்கள் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். இந்தக் கடிதம் எப்போது உங்கள் கைக்கு வரும் என்று தெரியாது. பஸ் ஓடவில்லை. தபால் பை வரவில்லை. அதனால் அவசரமில்லாமல், நாலைந்து நாளாக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து நடுவில் மாறினால் பென்சிலை மாற்றினேன் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நீங்கள் செவ்வாய்க்கிழமை விடிகாலை முதல் பஸ்ஸில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போனீர்கள். வியாழக்கிழமை காலையில் மறியல் தொடங்கிவிட்டது. வன்னியர்களுக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடக்குமாம். சில ஊர்களில் உயிரே போயிருக்கிறது என்று ரேடியோ கேட்டுவிட்டு அப்பா சொன்னார். எங்கள் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் மட்டும் மூடியிருக்கிறது. என் வகுப்பில் படிக்கிற செந்தமிழ்ச்செல்வியின் அண்ணனும் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார். நான் ஏன் என்று கேட்டேன். அவள், "எங்கண்ணன் பி.ஏ. முடிச்சிட்டு மூணு வருசமா மாடு மேய்ச்சிக்கினு கீது. ரோட்டுல குந்தினாத்தான் திரும்பிப் பாப்பாங்களாம்" என்றாள். அவளுடைய அண்ணன் நல்ல உயரம். உட்கார்ந்தாலும் உயரமாகத்தான் தெரிகிறார்.

தார் ரோட்டில் மைனாக்கள் நடந்து போகின்றன, சித்தி. ஒரு புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். முதல் நாள் சாயங்காலம் நான் போய்ப் பார்த்தேன். மற்ற மரங்களைப் போலவே அதுவும் இலைகளை மூடிக்கொண்டிருந்தது. படுத்திருப்பது அதற்கு இன்னும் தெரியவில்லை. லாரிச் சத்தமும் பஸ் சத்தமும் நின்றுபோனதால் ஆறு எங்கள் வீட்டுக்கு மிகவும் கிட்டே வந்துவிட்டது போல இருக்கிறது. மலையில் மழை பெய்த அன்று தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. நான் படித்துக்கொண்டிருக்கும்போது வரிகளுக்கு நடுவில் ஓடுகிறது. நீங்கள் எப்போதும் உட்காரும் தட்டைப் பாறை பாதி நனைந்து பாதி காய்ந்து கிடக்கிறது.

இன்னொரு செய்தி. சங்கராபுரத்திலிருந்து மாசில்லாமணி ஐயா புதன்கிழமை சாயங்காலம் சித்தப்பாவிடம் பேச வந்தார். மறுநாள் பஸ் நின்றுவிட்டது. எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். ஒரே ஒரு வேட்டியோடு வந்திருக்கிறார். தினமும் ஆற்றில் துவைத்துக் காயப் போட்டுவிட்டு, அப்பாவின் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நம் ஊழியக் குடும்பங்களுக்கெல்லாம் பொறுப்பாளர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் சாப்பாட்டு ஜெபம் மட்டும் பழையபடிதான். ஆமென் சொல்வதற்குள் குழம்பின் மேல் ஏடு படிந்துவிடுகிறது.

அவருடைய பையில் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று ஒட்டித் தயாராக இருக்கிறது. தினமும் காலையில் அதை எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு நடந்து போகிறார். "பை எங்க சார் வருது, சும்மா நடந்துக்கினு இருக்காதீங்க" என்று தபால்காரர் தெய்வசிகாமணி திருப்பி அனுப்பிவிடுகிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்களையும் சித்தப்பாவையும் இந்தப் பக்கத்து ஊழியத்திலிருந்து எடுத்துவிடும்படி எழுதியிருக்கிறது.

சித்தப்பா எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் உங்கள் கனகாம்பரத்துக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றுகிறார். மழை பெய்த நாளிலும் ஊற்றினார்.

21.9.1987, திங்கட்கிழமை

சனிக்கிழமை எழுதியதைத் திரும்பப் படித்தேன். எழுத வேண்டியதைத் தவிர மற்றதெல்லாம் எழுதியிருக்கிறேன்.

அம்மா விடிகாலையில் அடுப்பங்கரையில் முழங்கால் போட்டு ஜெபிப்பது உங்களுக்குத் தெரியும். மண்சுவருக்கு இந்தப் பக்கம்தான் என் பாய். ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒருநாள் அம்மா உங்கள் பெயரைச் சொன்னது கேட்டது. ஒரு வருஷமாக உங்களுக்கு ஜெபம் வரவில்லை என்றும், வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை என்றும் அம்மா கர்த்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊழியத்துக்கு வா என்று கடவுள் கூப்பிட்ட அழைப்பைப் பற்றி நீங்கள் சொன்னதையும் அப்படியே சொன்னார்கள். "அவங்களுக்கு வந்தது அழைப்பு, எனக்கு வந்தது கல்யாணந்தான்" என்று நீங்கள் சொன்னீர்களாம். சொல்லும்போது அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நான் எழுந்து என் ஜெபக் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டேன். கர்த்தர் கேட்டதும் பக்கத்தில் டிக் போடுவேனே, அந்த நோட்டில்தான். மலேரியா ஒழிய வேண்டும் என்ற வரிக்குக் கீழே உங்கள் பெயர் இருந்தது.

பிறகு இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி நம் ஊழியக் குடும்பங்களின் மாதக் கூடுகை. மணலில் வட்டமாகக் கைகோத்து உட்கார்ந்தோம். நீங்கள் என் இடது பக்கம். ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும், விருப்பமில்லாதவர் பக்கத்தில் இருப்பவருடைய கையை ஒருதரம் அழுத்தினால் முறை அடுத்தவருக்குப் போய்விடும் என்பதுதானே நம் பழக்கம். மாதாமாதம் நீங்கள் என் கையை அழுத்தினீர்கள். உங்களுக்குக் கூச்சம் என்று எண்ணியிருந்தேன். அன்றைக்கும் அழுத்தினீர்கள். என் முறை வந்தது. எனக்குக் காரணம் தெரியும் என்கிற பெருமையோ என்னவோ, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சலோமி சித்திக்கு ஒரு வருஷமாக ஜெபம் வரவில்லையாம், அழைப்பும் இல்லையாம், அவர்களுக்கு உதவி செய்யும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஜெபித்துவிட்டேன்.

பொய் சொல்லியிருந்தால் இல்லை என்று மாற்றிச் சொல்லியிருப்பேன். இதை எப்படி மாற்றுவது?

அதற்குப் பிறகு யாரும் ஜெபிக்கவில்லை. ஐயா அவசரமாக ஆமென் சொன்னார். அவர் அவசரப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். சாப்பிடும்போது எல்லாரும் ஊறுகாயைப் பற்றியே பேசினார்கள். புங்கமரத்தடியில் ஐயா சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பாத்திரம் கழுவும்போது அம்மா சாம்பலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, நான் உங்கிட்டயா சொன்னேன்? ஆண்டவர்கிட்ட சொன்னேன். நடுவுல உன்னை யாரு கூப்பிட்டா?" என்று கேட்டார்கள். அதோடு சரி. அடிக்கவில்லை.

ஆனால் சித்தி, நான் அவ்வளவும் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் உங்கள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்தபடியே இருந்தீர்கள். இழுத்திருந்தால் எனக்கு இத்தனை பாரமாக இருந்திருக்காது. இரண்டு மூன்று தரம் கனவில் அந்தக் கை வந்தது. ஆற்றுக்குள் நடக்கிறோம், தண்ணீர் முழங்காலுக்கு மேல் வரவில்லை, கரை மட்டும் வரவேயில்லை. நீங்கள் பேசவில்லை. கையும் விடவில்லை.

22.9.1987, செவ்வாய்க்கிழமை

சந்தை நாளில் உங்களைப் பார்க்க வரும் தைலம்மாள் இன்று மலையிலிருந்து இறங்கி வந்தார். தலையில் சாமை மூட்டை. சந்தை கூடவில்லை என்று இங்கே வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மலைமேல் யாரும் சொல்லவில்லையாம். நேரே உங்கள் பாறைக்குப் போய் மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "எங்க அந்தம்மா? ஒடம்புக்கு இன்னா?" என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றார்கள் அம்மா. "சண்டையா?" என்றார். அம்மா மோர் கொண்டுவரப் போய்விட்டார்கள்.

ஐயா லுங்கியோடு உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். தைலம்மாள் அவரைப் பார்த்துவிட்டு, "சமையலுக்கு ஆளு வெச்சிக்கினீங்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் சிரிப்பை அடக்க நோட்டால் முகத்தை மூடிக்கொண்டேன். ஐயா கோபப்படவில்லை. சலோமி உங்களுக்கு அவ்வளவு பழக்கமா என்று கேட்டார்.

போன தை மாதம் அவருடைய மகள் பாப்பாத்தி காய்ச்சலில் இறந்துபோனாளே, அதைச் சொன்னார். "எல்லாரும்தான் வந்தாங்க. நல்ல வார்த்தைதான் சொன்னாங்க. பொழுது சாயறதுக்குள்ள எறங்கிட்டாங்க. அந்தம்மா மட்டும் போவல. நான் சாமையில கல்லு பொறுக்கிக்கினு இருந்தேன். அதுவும் கூடக் குந்திக்கினு பொறுக்கிச்சி. பேச்சே கெடையாது. நாலு நாளு. கல்லெல்லாம் தீந்துபோச்சி. அப்பவும் பொறுக்கிக்கினுதான் இருந்தோம்."

எங்கள் அப்பாவும் ஐயாவும்தான் பொழுது சாய்வதற்குள் இறங்கி வந்தவர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, வந்ததும் காப்பி கேட்டார்கள். அந்த நாலு நாளும் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று இன்றுவரை நான் யோசித்ததே இல்லை.

அங்கே சலோமி உங்களுக்காக ஜெபம் பண்ணினார்களா என்று ஐயா மெதுவாகக் கேட்டார். "அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும், சாமி. எழுந்திரிச்சிப் போவல. அவ்ளோதான்" என்றார் தைலம்மாள். மோரைக் குடித்துவிட்டு, உங்களுக்கென்று ஒரு படி சாமையை முறத்தில் கொட்டிவிட்டு மலையேறிப் போனார். அந்தச் சாமையில் கல் இருக்கிறது, சித்தி. நான் பார்த்தேன். வேண்டுமென்றே பொறுக்காமல் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் குடும்ப ஜெபம். நாங்கள் ஐந்து பேர். ஐயா என் இடது பக்கம், நீங்கள் உட்காரும் பக்கம். அவர்தான் முதலில் ஜெபிக்க வேண்டும். பெரிய ஜெபம் வரப்போகிறது என்று நான் கால்களை வசதியாக மடித்துக்கொண்டேன். சத்தமே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கையை யாரோ அழுத்தினார்கள். ஐயாதான். ஐயா கையை அழுத்தி முறையைக் கடத்தினார், சித்தி.

அந்தக் கூடுகைக்குப் பிறகு நான் வாய்விட்டு ஜெபிக்கவில்லை. நான் அம்மாவின் கையை அழுத்தினேன். அம்மா அப்பாவின் கையை அழுத்தியிருக்க வேண்டும், அப்பா சித்தப்பாவின் கையை. சித்தப்பாவிடமிருந்து அது ஐயாவுக்குப் போய்த் திரும்பவும் என்னிடம் வந்தது. இப்படியே இரண்டு மூன்று சுற்று. ஆறு மட்டும் சத்தம் போட்டது. நீங்கள் மாதாமாதம் இருந்த இடம் இதுதானா? இங்கே இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆமென் யார் சொன்னார்கள் என்றும் ஞாபகம் இல்லை. கண்ணைத் திறந்தபோது சித்தப்பா மட்டும் இன்னும் மூடியபடியே இருந்தார்.

24.9.1987, வியாழக்கிழமை

மறியல் நேற்றோடு முடிந்தது. புளியமரத்தை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டார்கள். இலையெல்லாம் வாடி ரோட்டில் உதிர்ந்து கிடக்கிறது. முதல் பஸ் போனபோது நாய்கள் புதுசாகக் குரைத்தன. செந்தமிழ்ச்செல்வியின் அண்ணன் ஒருவாரத் தாடியோடு நடந்து போனார். என்ன கிடைத்தது என்று அவளைக் கேட்டேன். இன்னும் ஒன்றும் தெரியாதாம். ஆனால் வீட்டில் அவருக்கு முட்டை போட்டுச் சோறு வைத்தார்களாம்.

தெய்வசிகாமணி வீட்டுக்கே வந்து, "பை வந்திடுச்சி சார், குடுங்க" என்று கை நீட்டினார். ஐயா பையைத் திறந்து அந்த உறையை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இல்ல, இருக்கட்டும்" என்று திரும்பவும் உள்ளே வைத்துவிட்டார். கிழிக்கவில்லை. அதையும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அக்டோபர் பத்தாம் தேதிக் கூடுகை இதே மணலில்தான் என்றும், அன்றைக்கு முடிவு செய்யலாம் என்றும் சித்தப்பாவிடம் சொன்னார். உலர்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறும்போது என்னிடம், "உன் இடது பக்கத்துல யாரையும் உக்கார வைக்காதே" என்றார்.

சித்தி, நீங்கள் வந்து ஜெபிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் நோட்டில் உங்கள் பெயரை அடித்துவிட்டேன். அங்கே இருக்க வேண்டிய பெயர் என்னுடையது. மன்னித்தேன் என்று எழுதவும் வேண்டாம். அது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம்.

இதோடு ஒரு இன்லண்ட் லெட்டர் வைத்திருக்கிறேன். வெளியே எங்கள் விலாசத்தை நானே எழுதிவிட்டேன். உள்ளே எதுவும் எழுதாமல் வெறுமனே ஒட்டி அனுப்பினாலும் போதும். நீங்கள் என் கையை அழுத்தினீர்கள் என்று எடுத்துக்கொள்வேன். இந்த முறை வாயைத் திறக்க மாட்டேன். முறத்தில் இருக்கும் சாமையை அம்மா பொறுக்கப் போனார்கள், நான் விடவில்லை. அது அப்படியே இருக்கிறது.

உங்கள் இடது பக்கமும் வலது பக்கமும் கர்த்தர் உட்கார்ந்திருப்பாராக.

இடத்தைக் காலியாக வைத்திருக்கும்,
பியூலா